முப்பத்திரண்டு ஓட்டை

'டப்' என்று ஒரு சத்தம். டெய்லரம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். காரிலிருந்து ஏதோ ஒன்று பறந்து போய், ஸ்டூல் மேலிருந்த டீ கிளாஸில் 'டிங்' என்று மோதி உள்ளே விழுந்தது.

"பயப்படாதீங்கக்கா, கிளிப்தான்" என்றான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தவன். "இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. ஒவ்வொண்ணா தெறிக்கும்."

"அது என் டீ" என்றார் அருகில் நின்றவர்.

"சர்க்கரை பத்தலைன்னீங்களே மாமா. கடிச்சுச் சாப்பிடுங்க."

தரையில் கிடந்தவன் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். இருபது வருடமாகக் கையில் சுத்தியோடு திரிவதால் அவன் பெயரே சுத்தி ஆகிவிட்டது. டீயைப் பறிகொடுத்தவர் அவனுடைய அக்காவைக் கட்டியவர். பெயிண்டர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஷேடு.

அது சும்மா வந்த பெயர் இல்லை. எந்தக் காரை எங்கே இடித்துக்கொண்டு வந்தாலும், அதன் நிறத்தை ஒரு தடவை பார்ப்பார். உள்ளே போய் நாலைந்து டப்பாக்களைத் திறப்பார். அரைமணி நேரத்தில் அதே நிறம் கிண்ணத்தில் இருக்கும். அடித்து முடித்தபிறகு எங்கே இடித்தது என்று கார்க்காரரே தடவிப் பார்த்துத் தேடுவார். மெயின் ரோட்டில் பெரிய பெயிண்ட் கடையில் நிறத்தைப் படித்துச் சொல்லும் மெஷின் வந்து நாலு வருடம் ஆகிறது. அந்தக் கடைக்காரரே தன் சொந்தக் காரை ஷேடுவிடம்தான் கொண்டுவருவார். ஷேடு அதை யாரிடமும் சொல்ல மாட்டார். சுத்தி எல்லோரிடமும் சொல்வான்.

தகரக் கூரை போட்ட, இரண்டு கார் நிற்கும் அளவுள்ள பட்டறை. வாசல் பக்கம் தகர வேலை, உள்பக்கம் பெயிண்ட். பின்னால் ஒரு மூலையில் கம்ப்ரஸர். பாதி இடம் மாமாவுக்கு, பாதி மச்சானுக்கு. ஒருவர் வேலை முடிந்தால்தான் அடுத்தவருக்கு வேலை.

டெய்லரம்மாவின் கார் சாம்பல் கலந்த நீலம். ஏழு வருடத்துக் கார். நாலு சக்கரத்துக்கும் மேலே, வளைவு முழுக்க, நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை. கம்பெனியே போட்டு அனுப்பியது. அதைத்தான் கழற்றச் சொல்லி வந்திருந்தாள்.

"ரெண்டு இடத்துல கேட்டேன். கம்பெனி போட்டதக் கழட்டக் கூடாதுங்கறாங்க" என்றாள்.

"கல்லு தெறிச்சா பெயிண்ட் போகாம இருக்கத்தான் போடறாங்க" என்றார் ஷேடு. "உங்களுக்கு ஏன் வேணாம்?"

"நல்லா தெச்ச சட்டைக்கு யாரோ அவசரத்துல கறுப்புத் துணில கரை அடிச்ச மாதிரி இருக்கு. ஏழு வருஷமா தினமும் காலைல அதப் பார்த்துட்டுத்தான் கடைக்குப் போறேன். பொண்ணு வேற, கார் ரப்பர் செருப்பு போட்டிருக்குன்னு கிண்டல் பண்றா. வெள்ளிக்கிழமை காலைல அவளைக் காலேஜ் ஹாஸ்டல்ல கொண்டு போய் விடணும். அதுக்குள்ள சுத்தமா ஆக்கிக் குடுங்க."

"வீட்ல சார் ஒண்ணும் சொல்லலையா?" என்றான் சுத்தி கீழிருந்து.

"வீட்ல சொல்றது நான். கேக்கறதுதான் அவரு."

"எங்க வீட்லயும் அப்படித்தான்க்கா. ஆனா நாங்க வெளிய சொல்றதில்ல."

கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஆனாலும் பட்டையின் மேல் ஓரம் வரவில்லை. அங்கே இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சுத்தி சூடு காட்டினான். இழுத்தால் பெயிண்டோடு பிய்த்துக்கொண்டு வரும் போலிருந்தது.

டெய்லரம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்தாள். "கான்வாஸ் பை தெக்கிற நூல். அறுந்து போகாது. இந்தப் பக்கம் நீங்க பிடிங்க, அந்தப் பக்கம் நான் பிடிக்கறேன்."

நூலைப் பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே விட்டு இருவரும் ரம்பம் போல இழுத்தார்கள். டேப் சத்தமில்லாமல் அறுபட்டுக்கொண்டே வந்தது. முழுப் பட்டையும் சுத்தியின் வயிற்றின் மேல் விழுந்தது. கூடவே ஏழு வருடத்து மண், சில கற்கள், ஒரு ஹேர்பின்.

"அக்கா, இந்தத் தொழில்ல உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு."

டெய்லரம்மா அவன் பேச்சைக் கவனிக்கவில்லை. பட்டை இருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்படியே குனிந்து நின்றாள்.

"அடடா. இங்க பாருங்களேன். வாங்கின அன்னிக்கு இருந்த கலரு. எவ்வளவு நீலம். மேல இருக்கறது எல்லாம் வெளுத்தே போயிருக்கு. கூடவே இருந்ததால எனக்குத் தெரியவே இல்ல."

சுத்தி நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

ஷேடு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். பட்டைக்கு அடியில் இருந்த இடத்தையும் அதற்கு மேலே கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வெயில் படாத இடம். அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். அவர் கையில் அழுக்கே இல்லை.

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கே இரண்டு நிறம் தெரியவில்லை. மேலேயும் கீழேயும் ஒரே சாம்பல்தான் தெரிந்தது.

ஒரு வருடமாக இப்படி. முதலில் கண்ணாடியில் தூசு என்று நினைத்தார். அப்புறம் டியூப் லைட் பழசாகிவிட்டது என்று நினைத்து, மூன்று லைட்டையும் மாற்றினார். அதன்பிறகும் உலகம் பழைய கண்ணாடி பாட்டில் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருந்தது. சிவப்பு பரவாயில்லை. நீலமும் சாம்பலும்தான் கைகோத்துக்கொண்டு அவரை ஏமாற்றின.

யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. டாக்டரிடம் போகலாம்தான். போனால் அவர் ஏதாவது ஒரு பெயர் சொல்வார். பெயர் வைத்துவிட்டால் அது வியாதி. வாசலில் காத்திருக்கிற பத்துப் பேரில் ஒருவர் தெரிந்தவராக இருப்பார். சாயங்காலத்துக்குள் எல்லா மெக்கானிக் கடைக்கும் தெரிந்துவிடும். 'ஷேடுவுக்குக் கலர் தெரியலையாம்.' சமையல்காரருக்கு நாக்கு செத்துவிட்டது என்பது போல. ஐம்பத்தாறு வயதில் அப்புறம் அவர் யார்? பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு மாமா. அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இந்த ஒரு வருடத்தில் எந்தக் காரும் திரும்பி வரவில்லை. கலந்து, அடித்து, அனுப்பியது அத்தனையும் பொருந்தியது. கண் தடுமாறினாலும் கைக்குப் பழக்கம் இருக்கிறது, முப்பத்தைந்து வருடம் கலந்த கை அது, தானாக அளவு தெரிந்து ஊற்றுகிறது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பவும் செய்தார்.

அன்று மதியமே அது மறுபடி நிரூபணமானது. ஒரு பால் வேனின் கதவு. பார்த்தால் வெறும் வெள்ளை. ஆனால் வெள்ளையில்தான் ஆயிரம் வெள்ளை உண்டு. ஷேடு கலந்து முடித்து, குச்சியைக் கிண்ணத்தின் மேல் படுக்கவைத்தார்.

"மாமா" என்றான் சுத்தி. "கம்ப்ரஸர்ல ஏதோ டிக் டிக்னு சத்தம் வருது. ஒரு நிமிஷம் பாருங்க."

"திரும்பவுமா?"

"எனக்கு அப்படிக் கேக்குது."

ஷேடு பின்பக்கம் போனார். கம்ப்ரஸர் மேல் காதை வைத்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் பார்த்தார். பெரிய யானை தூங்குவது போல அது சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

"ஒரு சத்தமும் இல்ல. ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் கலந்து முடிச்சதும் உனக்கு மட்டும் சத்தம் கேக்கும். தகரம் தட்டித் தட்டி உன் காது போச்சு. ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாரு."

"பாக்கறேன் மாமா. நீங்க ஒரு நாள் கூட வாங்க."

"எனக்கு எதுக்கு டாக்டர்?"

"துணைக்குத்தான்."

வேன் கதவு சாயங்காலம் காய்ந்தபோது பொருத்தமாக இருந்தது. டிரைவர் எந்தக் கதவு புதுசு என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கிளிப் இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு சக்கரத்துக்கு எட்டு. சுத்தி பழைய தகரத்தில் பட்டன் அளவுக்கு வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பற்றவைத்தான். தேய்த்தான். பட்டி போட்டு அடைத்தான். மறுபடி தேய்த்தான். உள்ளங்கையால் தடவினால் வழுவழுவென்று ஓடியது.

சாயங்காலம் அவன் இடது கன்னம் உள்ளே எதையோ ஒதுக்கிவைத்தது போல வீங்கியிருந்தது.

"என்னடா மாப்ள அது?"

"கடைவாய்ப் பல்லு. ரெண்டு வாரமா சமாளிச்சுப் பார்த்தேன். இன்னிக்கு அதுதான் ஜெயிச்சுது. எனக்குப் பல்லு முப்பத்திரண்டு, காருக்கு ஓட்டை முப்பத்திரண்டு. காருது எல்லாம் அடைச்சாச்சு. நாளைக்கு எனக்கு ஒரு ஓட்டை போடப் போறாங்க."

"போய்ப் பிடுங்கிட்டு வா. நான் நாளைக்குக் கலர் அடிச்சிடறேன்."

சுத்தி கருவிகளைத் துடைப்பதை நிறுத்தினான். "நாளைக்கு வேணாம் மாமா. நான் வந்ததும் வியாழக்கிழமை அடிக்கலாம்."

"வெள்ளிக்கிழமை காலைல அந்தம்மாவுக்குக் கார் வேணும். வியாழன் அடிச்சு எப்ப காயறது, எப்ப பாலிஷ் போடறது?"

"காஞ்சிடும். லைட்டு போட்டுக் காய வெக்கலாம். கலரை மட்டும் நான் இருக்கறப்ப கலங்க."

"உனக்கும் கலருக்கும் என்னடா சம்பந்தம்? என்னிக்காவது நீ தட்டற தகரத்தை நான் வந்து பிடிச்சிருக்கேனா?"

"அதுக்கில்ல. ஒரு கை கூட இருந்தா நல்லதுன்னு."

"கை இருக்கு ரெண்டு. நீ வாயைப் போய்ப் பாரு."

சுத்தி ஏதோ சொல்ல வந்தான். பல் வலித்ததோ என்னவோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

புதன்கிழமை பட்டறையில் ஷேடு மட்டும்தான். பெட்ரோல் ஊற்றும் இடத்து மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எப்போதும் அதுதான் அவருக்கு மாதிரி. காரோடு சேர்ந்து வெளுத்திருக்கும், கையில் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

வெள்ளை, நீலம், கறுப்பு, கொஞ்சம் வெள்ளி. டப்பா டப்பாவாகத் திறந்து ஊற்றினார். கலக்கினார். மூடி மேல் ஒரு சொட்டு வைத்து வெயிலில் பார்த்தார். சொட்டு மறைந்துவிட்டது. கூரைக்கு அடியில் வந்து பார்த்தார். அங்கேயும் மறைந்துவிட்டது. கொஞ்சம் நீலம் கூட்டிப் பார்த்தார். அப்போதும் மறைந்தது. அதுதான் அவரை என்னவோ செய்தது. எதைக் கூட்டினாலும் பொருந்தினால், எது சரி?

குச்சியைக் கிண்ணத்தின் மேல் படுக்கவைத்தார். பட்டறை அமைதியாக இருந்தது. பழக்க தோஷத்தில் அவர் காது பின்பக்கம் போனது. கம்ப்ரஸரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி இருந்தது. வாசல் கதவைப் பூட்டாமல் தெருவில் இறங்கியவன் போல ஒரு நிமிடம் நின்றார்.

கைக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டார். முகமூடி மாட்டினார். அடித்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே டெய்லரம்மா வந்துவிட்டாள். "எங்க கடை திறக்க இன்னும் நேரமிருக்கு. சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஷேடு காரைப் போர்த்தியிருந்த துணியை இழுத்தார்.

அவள் முன்சக்கரத்தைப் பார்த்தாள். பின்சக்கரத்துக்குப் போனாள். காரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், திரும்பி இந்தப் பக்கம் வந்தாள். ஷேடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரில் பார்க்க முடியாததை அதில் பார்த்துவிடலாம் என்பது போல.

"அண்ணா, இது காஞ்சா மாறுமா?"

"எது?"

கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் சட்டென்று அவரைப் பார்த்தாள். நாலு சக்கரத்துக்கும் மேலே வளைவு வளைவாக, பளிச்சென்று, நல்ல நீலம். நடுவே வெளுத்த சாம்பல் கார். தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்தாமலே கண்டுபிடித்துவிடுவான். இந்த மனிதர் எது என்று கேட்கிறார்.

"ஒண்ணுமில்ல" என்றாள். கைப்பையைத் திறந்து இரண்டு நூல்கண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஒரு கவர் தெச்சுப் போடலாம்னு இருக்கேன். இதுல எது அண்ணா இந்தக் கதவோட சேரும்?"

ஷேடு கண்ணாடியைத் துடைத்தார். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதவின் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு நூல்கண்டும் அவரை ஒரே மாதிரி பார்த்தன.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா."

டெய்லரம்மா நூல்கண்டுகளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜிப்பை மெதுவாக, நல்ல துணி மாட்டிக்கொள்ளாமல் மூடுகிற மாதிரி மூடினாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. கறுப்புப் பட்டையக் கழட்டிட்டு நீலப் பட்டை போட்ட மாதிரி இருக்கு."

ஷேடு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுத்தியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஒரு கன்னம் பன் மாதிரி, வாய்க்குள் பஞ்சு. காரைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். டெய்லரம்மாவைப் பார்த்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் தப்புக்கா" என்றான். பஞ்சுக்கு நடுவில் வார்த்தை புரளப் புரள வந்தது. "நேத்து நான்தான் அவசரத்துல வேற கார் டப்பாவ எடுத்து மாத்தி வெச்சிட்டேன். இவரு அது தெரியாம அடிச்சிட்டாரு. இவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

டெய்லரம்மா தரையைப் பார்த்தாள். "ஓ, அப்படியா" என்றாள். அந்தப் பொய்யை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள அவளும் தயார் என்று தெரிந்தது.

ஷேடு தலை தூக்காமல் உட்கார்ந்திருந்தார். தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடந்தது. பேசாமல் அதன் வழியாக வெளியே போய்விடலாம். 'பார்த்து வைக்க மாட்டியாடா' என்று மச்சானை ஒரு சத்தம் போட்டால் போதும். டெய்லரம்மா சிரிப்பாள். மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து... ஆனால் கலக்குவது யார்? இன்றைக்கும் அவர்தான். இதே கண்தான்.

கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேத்து இவன் பட்டறைக்கே வரலம்மா. பல்லு பிடுங்கப் போயிருந்தான். கலந்தது நான். அடிச்சது நான். நீங்க குடுத்த ரெண்டு நூலும் எனக்கு ஒரே கலர்தான். இந்தக் கார் முழுக்க எனக்கு ஒரே கலர்தான்."

சுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எத்தனை நாளா அண்ணா?" என்றாள் டெய்லரம்மா.

"ஒரு வருஷம் இருக்கும்."

"வீட்ல தெரியுமா?"

"தெரியாது. இவனுக்கும் இப்பதான் தெரியும்."

சுத்தி தன் கன்னத்தைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

டெய்லரம்மா ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என் கடைல ஊசிக்கு நூல் கோத்துக் குடுக்கறது யாரு தெரியுமா? பக்கத்துப் பேப்பர் கடைக்காரர். காலைல கடை திறந்ததும் இருபது ஊசி கோத்துக் குடுத்துட்டுத்தான் போய்ப் பேப்பரைப் பிரிப்பாரு. கிட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. கலர் நல்லாத் தெரியும், ஊசிக் காது தெரியாது. அதுக்குன்னு கடையச் சாத்திட்டா என் பொண்ணு எப்படிப் படிப்பா?" கொஞ்சம் நிறுத்தினாள். "சரி, அதெல்லாம் அப்புறம். எனக்கு நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கார் வேணும். ஆகுமா, ஆகாதா?"

ஷேடு மச்சானைப் பார்த்தார். மச்சான் உப்புத்தாளைத் தேடிக்கொண்டிருந்தான்.

நாலு வளைவையும் இருவரும் சேர்ந்து தேய்த்தார்கள். நீலம் பொடிப்பொடியாகத் தரையில் விழுந்தது. டெய்லரம்மா கடைக்குப் போன் செய்து தான் வரத் தாமதமாகும் என்று சொன்னாள். ஒரு டீ வாங்கி வந்து ஷேடுவிடம் நீட்டினாள். "கிளிப் இல்லாம" என்றாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

பதினோரு மணிக்குக் கலக்குகிற மேஜைக்கு வந்தார். டப்பாக்களைத் திறந்தார். கை தானாக ஊற்றியது. முக்கால்வாசி வரை அதற்குத் தெரிந்துதான் இருந்தது. கலக்கி முடித்து, பழக்கத்தில் குச்சியைக் கிண்ணத்தின் மேல் படுக்கவைத்தார். அப்புறம், பழக்கத்துக்கு விரோதமாக, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

"நீ பாரு மாப்ள."

"நானா?"

"அந்தம்மா பக்கத்துல இருக்காங்க. ரெண்டு பேருமாப் பார்த்துச் சொல்லுங்க. எது எவ்வளவு வேணும்னு சொன்னா நான் ஊத்தறேன்."

சுத்தி கையைத் துணியில் துடைத்தான். மூடி மேல் ஒரு சொட்டு வைத்தான். ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. டெய்லரம்மா வாய் திறப்பதற்குள் அவன் கை வெள்ளை டப்பாவுக்குப் போய்விட்டது. குச்சி நுனியில் எடுத்து, மணிக்கட்டை லேசாகத் திருப்பி இரண்டு சொட்டு. சரியாக இரண்டு. மூன்றாவது சொட்டு விழுவதற்குள் குச்சியை டப்பாவின் இடது விளிம்பில் வழித்துவிட்டான். அப்புறம் கறுப்பு. ஒரு சொட்டுகூட இல்லை, நுனியைத் தொட்டு எடுத்தது மட்டும். ஓரத்தைச் சுரண்டி, நடுவுக்குக் கொண்டுவந்து, எட்டுப் போடுவது போலக் கலக்கினான். மூடி மேல் வைத்தான்.

"அதேதான்" என்றாள் டெய்லரம்மா. "எங்க வெச்சீங்கன்னே தெரியல."

ஷேடு மூடியைப் பார்க்கவில்லை. மச்சானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் சுத்தி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை. தகரத்தில் ஓங்கி அடித்துப் பழகிய கை. அது குச்சியை மூன்று விரலில் பிடித்திருந்தது. அவர் பிடிக்கிற மாதிரியே. வழித்துவிட்ட விதம்கூட அவருடையது. ஒரு நாளில், ஒரு வாரத்தில் வருகிற லாவகம் இல்லை அது.

"பழகின கை மாதிரி இருக்கே" என்றார்.

சுத்தி கலக்கிக்கொண்டே இருந்தான். கலக்க இனி ஒன்றுமில்லை. ஆனாலும் கலக்கினான்.

"திங்கட்கிழமை பால் வேன். போன மாசம் அந்த வெள்ளிக் கலர் கார். அதுக்கு முன்னாடி கரண்ட் ஆபீஸ் ஜீப்பு." அவர் ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னார். "ஒரு வருஷமா ஒரு காருகூடத் திரும்பி வரலையே மாப்ள. நான் எல்லாம் என் கைதான்னு நினைச்சிட்டிருந்தேன்."

சுத்தி குச்சியைக் கிண்ணத்தின் மேல் படுக்கவைத்தான். வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"கம்ப்ரஸர்ல ஒரு நாளும் எந்தச் சத்தமும் வந்ததில்ல, மாமா."